பெயர் சொல்லும் மூளை: பொட்டு மடலும் மொழிப் படமெடுப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிப்பு நோய்க்கோ மூளைக் கட்டிக்கோ அறுவை சிகிச்சை செய்வதற்கு முன் சிலரிடம் மொழி சார்ந்த மூளை ஸ்கேன் எடுத்துவரச் சொல்வார்கள். அவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும், இத்துறையைப் புதிதாகப் படிக்க வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. தனிப்பட்ட ஒருவரின் சிகிச்சை குறித்த முடிவு அவருடைய மருத்துவக் குழுவைச் சார்ந்தது என்பதால், இங்கே பொதுவான விளக்கம் மட்டுமே தரப்படுகிறது.

பொட்டு மடல் என்பது மூளையின் எந்தப் பகுதி? மொழிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நெற்றிப்பொட்டுக்கும் காதுக்கும் உட்புறமாக, இரு பக்கமும் மூளையின் அடிப்பகுதியில் நீண்டு கிடக்கும் மடல் அது. மருத்துவர்கள் டெம்போரல் லோப் என்று சொல்வது இதைத்தான். இதன் மேல் மடிப்பு கேட்ட ஒலியைப் பகுத்தறிகிறது. நடு மடிப்பும் கீழ் மடிப்பும் சொல்லையும் பொருளையும் இணைக்கும் வேலையில் பெரும் பங்கு வகிக்கின்றன. அடிப்பரப்பில் உள்ள மடிப்பு கண்ணால் கண்ட பொருளை இன்னதென்று அடையாளம் காண உதவுகிறது. உட்புறத்தில் நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் இருக்கிறது.

1861-இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர், பேச்சை இழந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, நெற்றிக்குப் பின்னால் உள்ள இடது முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்ததைக் காட்டினார். 1874-இல் கார்ல் வெர்னிக்கே, இடது பொட்டு மடலின் மேல் மடிப்பில் பின்பகுதி பழுதானால் பேச்சு சரளமாக இருந்தும் பொருளற்றுப் போகிறது என்றும், பிறர் பேசுவது விளங்காமல் போகிறது என்றும் எழுதினார். பாடநூல்கள் இன்றும் இந்த இரண்டு இடங்களையும் ஒரு கோட்டால் இணைத்துக் காட்டி நிறுத்திக்கொள்கின்றன. படமெடுக்கும் கருவிகள் வந்தபின் அந்த எளிய வரைபடம் நிலைக்கவில்லை. குறிப்பாகப் பொட்டு மடலின் நடுவும் கீழும் முன்முனையும் அதில் இடம்பெறவே இல்லை.

ஒரு பொருளைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வது அவ்வளவு பெரிய வேலையா?

ஒட்டகத்தின் கோட்டோவியம் ஒன்றை உங்கள் முன் காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கோடுகள் ஓர் உருவமாகத் திரள வேண்டும். அந்த உருவம் இன்ன விலங்கு என்று தெரிய வேண்டும். பிறகு அதற்குரிய சொல் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அப்போது குதிரை, கழுதை, மாடு போன்ற அண்டைச் சொற்களும் உடன் எழும்பி, பின்தள்ளப்படுகின்றன. தேர்ந்த சொல்லின் ஒலிவடிவம் மீட்கப்பட்டு, அசைகளாக அடுக்கப்பட்டு, நாக்குக்கும் உதட்டுக்கும் கட்டளையாகச் செல்கிறது. பழகிய பொருளானால் இவ்வளவும் முடிந்து வாய் திறக்க ஏறக்குறைய 600 மில்லிநொடிதான் ஆகிறது.

பீட்டர் இன்டஃப்ரே, வில்லெம் லெவெல்ட் ஆகிய இருவரும் 2004-இல் 82 சோதனைகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி, இந்த 600 மில்லிநொடியைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். அவர்களுடைய கணிப்பின்படி, படத்தின் பொருள் விளங்குவது முதல் 175 மில்லிநொடிக்குள் நடக்கிறது. அடுத்து ஏறத்தாழ 250 வரை சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலை இடது பொட்டு மடலின் நடு மடிப்பில் நடக்கிறது. அதன்பின் ஒலிவடிவத்தை மீட்கும் வேலை அதே மடலின் பின்பகுதிக்கு நகர்கிறது. இந்த எண்களைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. கட்டங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு மேற்படிகின்றன என்ற விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

சங்கிலி எங்கே அறுந்தது என்பதைப் பிழையே காட்டிக்கொடுக்கும். ஒட்டகத்தைக் ‘குதிரை’ என்பவருக்குச் சொல் தேர்வில் சறுக்கல். ‘ஒக்கடம்’ என்பவருக்கு ஒலி அடுக்கில் சறுக்கல். ‘பாலைவனத்தில் போகும், முதுகில் திமில் இருக்கும், பெயர்தான் வாயில் வரமாட்டேன் என்கிறது’ என்பவருக்குப் பொருளும் தெரிகிறது, தனக்குத் தெரியும் என்பதும் தெரிகிறது; ஒலிவடிவம் மட்டும் அகப்படவில்லை.

மொழியில் இலக்கணம், வாக்கியம், உரையாடல் என்று எவ்வளவோ இருக்க, சோதனைகள் ஏன் பெயர் சொல்லுவதையே பிடித்துக்கொள்கின்றன?

மூளைப் பாதிப்பால் வரும் மொழிக்குறைகளில் பெயர் மீட்பதில் தடங்கல் இல்லாத வகை ஏறக்குறைய இல்லை என்பது முதல் காரணம். விடை சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடுவதும், எடுத்த நேரத்தை அளக்க முடிவதும் இரண்டாவது காரணம். 60 ஓவியங்கள் கொண்ட பாஸ்டன் பெயரிடல் சோதனை உலகெங்கும் பயன்படுகிறது. ஆய்வகங்களில் 1980-இல் வெளியான ஸ்னாட்கிராஸ், வாண்டர்வார்ட் இருவரின் 260 கோட்டோவியங்கள் நீண்ட காலமாக வழக்கில் உள்ளன. ஒரு மொழிக்காரர்களுக்காக உருவான ஓவியத் தொகுப்பை இன்னொரு மொழிக்காரர்களிடம் அப்படியே காட்டுவது முறையாகாது. பொருளின் பழக்கமும் சொல்லின் புழக்கமும் மாறும்போது மதிப்பெண்ணும் மாறிவிடும்.

படம் காட்டிக் கேட்பது மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘தலைமுடியை வாரப் பயன்படுவது எது?’ என்று காதால் கேட்டுப் ‘சீப்பு’ என்று பதில் சொல்வது வேறொரு பாதை. மார்லா ஹாம்பர்கரும் உடன் பணியாற்றியவர்களும் மின்தூண்டல் (மூளையில் சிறு மின்னோட்டம் செலுத்தி ஓரிடத்தைத் தற்காலிகமாக முடக்கிப் பார்ப்பது) மூலம் காட்டியபடி, கேட்டுப் பெயர் சொல்லத் தேவையான இடங்கள் இடது பொட்டு மடலில் முன்பக்கமாகவும், பார்த்துப் பெயர் சொல்லத் தேவையானவை பின்பக்கமாகவும் அமையும் போக்கு உண்டு. பொட்டு மடல் அறுவையில் வழக்கமாக நீக்கப்படுவது முன்பகுதி என்பதால், படத்தை மட்டும் வைத்துச் சோதிப்பவர் ஆபத்தான இடத்தைத் தவறவிட வாய்ப்பு இருக்கிறது.

இதற்குப் பயன்படும் கருவிகள் எவை?

இன்று மிகுதியாகப் பயன்படுவது எஃப்.எம்.ஆர்.ஐ. எனப்படும் செயல்சார் காந்த ஒத்ததிர்வுப் படம். நரம்புச் செல்கள் ஓரிடத்தில் மும்முரமாக இயங்கினால் அங்கே தேவைக்கும் அதிகமாகவே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் பாய்கிறது. ஆக்சிஜன் உள்ள இரத்தமும் இழந்த இரத்தமும் காந்தப் புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதால், அந்த வேறுபாட்டைக் கருவி பதிவு செய்கிறது. 1990-இல் செய்ஜி ஒகாவாவும் சகாக்களும் விலங்குகளில் விளக்கிய இந்த முறை, 1992-இல் மனிதர்களிடம் நடைமுறைக்கு வந்தது. ஊசி தேவையில்லை, கதிர்வீச்சு இல்லை. ஆனால் அது அளப்பது இரத்த ஓட்டத்தைத்தான்; அது உச்சத்தை எட்ட ஐந்தாறு நொடிகள் ஆகும். ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் பெயர் சொல்லலின் கட்டங்கள் அதில் ஒன்றாகக் குழம்பிப்போய்விடுகின்றன.

பெட் ஸ்கேன் அதற்கு முந்தியது. இரண்டு நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் கதிரியக்க ஆக்சிஜன் கலந்த நீரை உடலில் செலுத்தி இரத்த ஓட்டத்தைக் காட்டும் இம்முறையால், ஸ்டீவன் பீட்டர்சனும் குழுவினரும் 1988-இல் தனிச்சொற்களைப் பார்க்கும்போதும் கேட்கும்போதும் சொல்லும்போதும் மூளை இயங்குவதைப் படமாக்கினர். எம்.இ.ஜி. எனப்படும் காந்த அலைப்பதிவோ நரம்புகளின் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப் புலத்தையே அளக்கிறது. புவியின் காந்தப் புலத்தைவிடப் பல கோடி மடங்கு நலிந்த அந்தப் புலத்தைப் பிடிக்க, காந்தத் தடுப்பு அறையும் திரவ ஹீலியத்தில் குளிர்விக்கப்பட்ட உணரிகளும் வழக்கமாகத் தேவைப்படுகின்றன. மில்லிநொடித் துல்லியம் கிடைக்கிறது. இடத்துல்லியம், குறிப்பாக ஆழமான பகுதிகளில், குறைகிறது.

ஸ்கேனருக்குள் என்ன செய்யச் சொல்வார்கள்?

மல்லாந்து படுக்கவைத்து, தலையின் இரு பக்கமும் பஞ்சுத் திண்டு வைத்து அசையாமல் இருத்துவார்கள். காதடைப்பானையும் மீறி இயந்திரம் ‘டக டக’ என்று இடைவிடாமல் தட்டும். முகத்துக்கு மேலே சாய்த்த சிறு கண்ணாடியில் திரை தெரியும். அரை நிமிடம் வரை படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றின் பெயரையும் மனத்துக்குள் சொல்ல வேண்டும். அடுத்த அரை நிமிடம் உருவமற்ற சிதறல் வடிவங்களை வெறுமனே பார்க்க வேண்டும். இப்படி மாறி மாறிப் பலமுறை நடக்கும். விளக்கம் கேட்டுப் பெயர் நினைப்பது, ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஏற்ற வினையை நினைப்பது, இரண்டு சொற்களின் பொருள் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பொத்தானை அழுத்துவது எனப் பயிற்சிகள் சில உண்டு.

வாய்விட்டுச் சொன்னால் தாடையும் தலையும் அசைந்து படம் கெடும் என்பதால்தான் மனத்துக்குள் சொல்லச் சொல்கிறார்கள். இதில் ஒரு சிக்கல்: அவர் சொன்னாரா, தவறாகச் சொன்னாரா, கண்ணயர்ந்துவிட்டாரா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. பொத்தான் அழுத்தும் பயிற்சிகளையே நான் அதிகம் நம்புவேன். அவற்றில் விடைக்குப் பதிவு இருக்கிறது. முந்தைய நாளே பயிற்சியை ஒருமுறை செய்துபார்ப்பதும், கண்ணாடி அணிபவர் தன் பார்வை அளவைச் சொல்லிவைப்பதும் படத்தின் தரத்தை வெகுவாக உயர்த்தும்.

படத்தில் சிவப்பாக ஒளிரும் இடத்தில்தான் சொற்கள் இருக்கின்றனவா?

இல்லை. இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் அதிகமான தவறான புரிதல் சூழ்ந்திருப்பது இதைத்தான்.

முதலாவது, அந்த நிறம் கருவி எடுத்த புகைப்படத்தின் நிறமன்று. பெயர் சொன்ன நேரத்துச் சமிக்ஞையிலிருந்து வெறுமனே பார்த்த நேரத்துச் சமிக்ஞையைக் கழித்து, மிஞ்சும் வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதா என்று புள்ளியியல் முறையில் சோதித்து, ஒரு வரம்பைத் தாண்டிய இடங்களுக்கு மட்டும் பூசப்பட்டது அது. வேறுபாடோ பெரும்பாலும் ஓரிரு சதவிகிதம்தான். வரம்பைத் தளர்த்தினால் மூளை முழுதும் சிவக்கும். இறுக்கினால் ஒரு புள்ளியும் மிஞ்சாது. எதைக் கழிக்கிறோம் என்பதும் விடையை மாற்றிவிடும். ‘சும்மா இருங்கள்’ என்றால் மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. வீட்டையும் வேலையையும் பற்றி மனத்துக்குள் சொற்களால்தான் நினைக்கிறார்கள். அந்த ஓய்வைக் கழிக்கும்போது பொட்டு மடலின் மொழிப்பகுதிகளும் சேர்ந்தே கழிபட்டுப்போகின்றன. ஜெஃப்ரி பைண்டர் போன்றவர்கள் ஓய்வுக்குப் பதிலாக ஒலிகளை எண்ணி முடிவுசெய்யும் வேலையை ஒப்பீட்டுக்கு வைத்தது இதனால்தான்.

ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒரே நேரத்தில் சோதனை செய்யும்போது சில தற்செயலாகவே வரம்பைத் தாண்டும். கிரெய்க் பென்னட்டும் நண்பர்களும் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் ‘காட்டி’, திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையும் ‘இயங்குவதாக’ 2009-இல் நிரூபித்தார்கள். வேடிக்கைக்காகப் பலர் மேற்கோள் காட்டும் இந்த ஆய்வு, கணக்கில் ஒழுங்கு வேண்டும் என்பதை எந்தப் பாடநூலைவிடவும் நன்றாகப் புரியவைத்தது.

இரண்டாவதும் முக்கியமானதும் இதுதான்: ஓரிடம் ஒரு வேலையின்போது இயங்குவது வேறு, அந்த இடம் இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது என்பது வேறு. கல்யாண வீட்டில் ஓடியாடுகிறவர்கள் எல்லாரும் இல்லாமல் கல்யாணம் நின்றுபோகாது. பெயர் சொல்லும்போது கவனம், பார்வை, தேடல், தன் விடையைத் தானே சரிபார்த்தல் எல்லாம் இயங்கும். அவற்றின் இடங்களும் ஒளிரும். எதிர்ப்பக்கமும் உண்மை. ஒளிராத இடம் தேவையற்ற இடம் என்று முடிவுகட்டக் கூடாது.

பொட்டு மடலின் முன்முனை பல படங்களில் வெறுமையாகத் தெரிகிறதே?

அது பெரும்பாலும் கருவியின் குறை. காற்று நிறைந்த எலும்பறைகளும் காதுக் குழாய்களும் அருகே இருப்பதால் அங்கே காந்தப் புலம் சீர்குலைந்து, எஃப்.எம்.ஆர்.ஐ. சமிக்ஞை மங்கிவிடுகிறது. இதே வேலையைப் பெட் ஸ்கேனில் செய்துபார்த்தபோது முன்முனை இயங்குவது தெரிந்தது. பதிவுமுறைகளைத் திருத்தி இக்குறையை இப்போது ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். பல ஆண்டுகளாக ‘முன்முனைக்கு மொழியில் பங்கில்லை’ என்ற எண்ணம் வேரூன்ற இந்தக் குருட்டுப்புள்ளியும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

முன்முனையின் பங்கை முதலில் உணர்த்தியவர்கள் நோயாளிகளே. எலிசபெத் வாரிங்டன் 1975-இல் விவரித்த மூவரைப் போன்றவர்களுக்கு வரும் நோய் பிற்பாடு பொருள்சார் மறதிநோய் என்று பெயர் பெற்றது. அதில் இரு பொட்டு மடல்களின் முன்பகுதியும், பலரிடம் இடப்பக்கம் கூடுதலாகவும், சுருங்கிக்கொண்டே வருகிறது. பேச்சு சரளமாக இருக்கும், இலக்கணம் பிசகாது, நேற்று நடந்ததும் நினைவிருக்கும். வரிக்குதிரையைக் காட்டினால் முதலில் ‘குதிரை’ என்பார். ஓராண்டு கழிந்து ‘ஏதோ விலங்கு’ என்பார். பின்னர் ஒரு நாள், ‘வரிக்குதிரையா? அப்படியென்றால் என்ன?’ என்று அவரே கேட்பார். பெயர் மட்டுமன்றி, பெயருக்குப் பின்னால் இருந்த அறிவும் கரைகிறது. பார்வை, ஒலி, தொடுகை, சொல் ஆகியவற்றிலிருந்து வரும் தகவல்கள் கூடும் மையம் இந்த முன்பகுதி என்ற கருத்து இத்தகைய நோயாளிகளிடமிருந்தே வலுப்பெற்றது.

ஆட்களின் பெயருக்கும் பொருள்களின் பெயருக்கும் தனித்தனி இடங்கள் உண்டா?

ஹன்னா டமாசியோ குழுவினர் 1996-இல் மூளைக் காயமுள்ள 127 பேரின் பெயர் சொல்லும் திறனையும், நலமான சிலரின் பெட் படங்களையும் சேர்த்து ஆராய்ந்தனர். தெரிந்த மனிதர்களின் பெயரை மீட்பதற்கு இடது பொட்டு மடலின் முன்முனையும், விலங்குகளின் பெயருக்கு அதன் கீழ்ப்பரப்பின் நடுப்பகுதியும், கருவிகளின் பெயருக்கு இன்னும் பின்னால் உள்ள பகுதியும் தொடர்புடையவை என்று கண்டனர். தனித்தனி அலமாரிகள் என்று இதைக் கொள்வதைவிட, முன்னே செல்லச் செல்ல மேலும் தனித்துவமான ஒன்றைக் குறிக்கும் பெயர்கள் சார்ந்திருக்கும் ஒரு சரிவு என்று கொள்வது பொருந்தும். சீப்பு எத்தனையோ உண்டு. குறிப்பிட்ட மனிதர் ஒருவர்தான்.

எனக்கும் ஆட்களின் பெயர் அடிக்கடி மறக்கிறது. இந்த ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வயது ஏற ஏறத் தெரிந்த பெயர் தொண்டைவரை வந்து நின்றுவிடுவது இயல்பானது. சற்று நேரத்தில் தானாக வந்துவிடும். பொருளே விளங்காமல் போனாலோ, பழகிய பொருள்களின் பெயர்கள் சில மாதங்களில் வேகமாகக் குறைந்தாலோ, திடீரென்று பேச்சு குழறினாலோதான் கவலைப்பட வேண்டும். கடைசியில் சொன்னது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கும் எடுக்கப்படுவது மூளையின் அமைப்பைக் காட்டும் ஸ்கேன்களே.

மொழி இடப்பக்கம்தான் என்று முன்பே தெரியுமே, பிறகு எதற்குப் படம்?

எல்லோருக்கும் இடப்பக்கம் இல்லை. 1977-இல் ராஸ்முசனும் மில்னரும் வெளியிட்ட தொகுப்பில், வலக்கைக்காரர்களில் 96 சதவிகிதத்தினருக்கும் இடக்கைக்காரர்களில் 70 சதவிகிதத்தினருக்கும் பேச்சு இடப்பக்கத்தைச் சார்ந்திருந்தது. எஞ்சிய இடக்கைக்காரர்கள் வலப்பக்கத்தையோ இரு பக்கங்களையும் சார்ந்திருந்தனர். இளம் வயதிலேயே இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களிடம் மொழி வலப்பக்கம் நகர்ந்திருக்கவும் கூடும்.

இதை அறியப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டது ஜூன் வாடா உருவாக்கிய சோதனை. தொடை நாளம் வழியாகக் குழாய் செலுத்தி, ஒரு பக்கக் கழுத்துத் தமனிக்குள் மயக்கமருந்தைச் செலுத்துவார்கள். சில நிமிடங்களுக்கு மூளையின் அந்தப் பாதி உறங்கும். உயர்த்திய எதிர்ப்பக்கக் கை தொய்ந்து விழும். அந்த இடைவெளிக்குள் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். சிறிதளவேனும் ஆபத்துள்ள சோதனை இது. அமெரிக்க நரம்பியல் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, பொட்டு மடல் வலிப்பு நோயாளிகள் பலருக்கு மொழியின் பக்கத்தை அறிய வாடா சோதனைக்குப் பதிலாக எஃப்.எம்.ஆர்.ஐ.யைக் கருதலாம் என்கிறது.

படம் தெளிவாக இருந்தும், அறுவையின்போது நோயாளியை விழித்திருக்க வைப்பது ஏன்?

பக்கத்தைச் சொல்வதில் படம் கெட்டி. வெட்டலாமா கூடாதா என்று சென்டிமீட்டர் கணக்கில் சொல்வதில் இல்லை. அதற்கு அந்த இடத்தைத் தற்காலிகமாக முடக்கிப் பார்க்க வேண்டும். மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் வளர்த்தெடுத்த முறையில், மண்டையோட்டைத் திறந்தபின் மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. மூளைக்கு வலியுணர்வு இல்லாததால் நோயாளி விழித்திருந்து பேச முடியும். திரையில் பேனாவின் படம் வருகிறது. ‘இது ஒரு…’ என்று தொடங்குகிறார், மின்முனை தொட்டிருக்கிறது, ‘இது… எழுதுவோமே…’ என்று தடுமாறுகிறார். மின்முனையை எடுத்ததும், ‘பேனா’ என்று சொல் வந்து விழுகிறது. அந்த இடத்தில் எண்ணிட்ட சிறு துண்டுச்சீட்டை வைக்கிறார்கள். ‘இது ஒரு’ என்ற தொடக்கத்தைச் சொல்லவைப்பதற்குக் காரணம் உண்டு: அதையே சொல்ல முடியாவிட்டால் வாயசைவு நின்றிருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் பெயரில் மட்டும் தடுக்கினால் சொல் மீட்பு நின்றிருக்கிறது.

ஜார்ஜ் ஓஜெமனும் குழுவினரும் 1989-இல் 117 நோயாளிகளின் இத்தகைய வரைபடங்களை வெளியிட்டனர். பெயர் சொல்ல இன்றியமையாத திட்டுகள் ஒவ்வொருவரிடமும் சிறியவையாகவும், ஆளுக்கு ஆள் வெவ்வேறு இடத்திலும் இருந்தன. பொட்டு மடலில் பாதிப் பேருக்காவது பொதுவான ஒரே இடம் என்று எதுவும் தேறவில்லை. மின்தூண்டலும் குறையற்றதன்று. பொட்டு மடலின் அடிப்பரப்பில் தூண்டினால் பெயர் நின்றுபோகும் ஒரு பகுதியை ஹான்ஸ் லூடர்ஸ் குழுவினர் 1980-களில் விவரித்தனர். ஆனால் அதை நீக்கியபின்னும் பலர் பெரிய இழப்பின்றித் தேறிவிட்டார்கள்.

அறுவைக்குப் பின் பெயர்கள் மறந்துபோகுமா?

மொழி சார்ந்த பக்கத்துப் பொட்டு மடலின் முன்பகுதியை நீக்கினால், பெயர் மீட்பில் அளக்கக்கூடிய சரிவு கணிசமானவர்களுக்கு ஏற்படுகிறது. உரையாடல் தடையின்றி நடக்கும். ஆனால் தெரிந்தவர் எதிரே வரும்போது பெயர் வராமல் தவிக்க நேரும். வலிப்பு பிற்பாடு தொடங்கியவர்களுக்கும், அறுவைக்கு முன் பெயர் சொல்லும் திறன் நன்றாக இருந்தவர்களுக்கும் இழப்பின் அபாயம் கூடுதல்; இழக்க அவர்களிடம் அதிகம் இருக்கிறது. டேனியல் டிரேனும் குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், மெல்லிய நார் வழியே லேசர் செலுத்தி ஹிப்போகாம்பஸ் பகுதியை மட்டும் பொசுக்கியவர்கள் பெயர் சொல்லுவதில் சரியவில்லை. திறந்த அறுவை செய்துகொண்டவர்களில் பலர் சரிந்தனர். வெளிப்பரப்பும், அதனடியில் ஓடி மூளைப் பகுதிகளை இணைக்கும் இழைக்கட்டுகளும் காக்கப்படுவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று கொள்ளலாம். எனவே எந்த அறுவை என்பதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு மொழி பேசுபவருக்கு?

பொட்டு மடலில் இரண்டு மொழிகளின் இயக்கமும் பெருமளவு ஒரே பரப்பில் படிகிறது. ஆயினும் மின்தூண்டலில் ஒரு மொழியின் பெயரை மட்டும் தடுக்கும் புள்ளிகள் கிடைப்பதுண்டு. அன்றாடம் புழங்கும் மொழிகள் அனைத்திலும் சோதிக்கும்படி கேட்பது நோயாளியின் உரிமை.

அறிக்கையில் ‘பக்கச்சார்பு எண்’ என்று ஒரு மதிப்பு இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது?

இடப்பக்கம் இயங்கிய புள்ளிகளிலிருந்து வலப்பக்கத்தவற்றைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது அது. +1 என்றால் முழுக்க இடம், –1 என்றால் முழுக்க வலம். பொதுவாக +0.2-க்கு மேல் இருந்தால் இடச்சார்பு என்றும், –0.2-க்குக் கீழ் இருந்தால் வலச்சார்பு என்றும், இடையில் இருந்தால் இருபக்கச் சார்பு என்றும் எழுதுவார்கள். முன்மடலுக்கும் பொட்டு மடலுக்கும் தனித்தனியே கணக்கிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சிலரிடம் இவ்விரண்டும் வெவ்வேறு பக்கம் சாய்வதுண்டு, பொட்டு மடல் அறுவைக்குப் பொட்டு மடலின் எண்ணே பொருந்தும். எந்தப் பயிற்சியின்போது எடுத்த எண், ஒப்பீட்டுக்கு எது வைக்கப்பட்டது, தலை எவ்வளவு அசைந்தது என்ற விவரங்கள் அறிக்கையில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். நினைவு, மொழி போன்ற திறன்களை அளக்கும் நரம்புளவியல் சோதனையின் முடிவும் இந்த எண்ணும் முரண்பட்டால், வேறொரு பயிற்சியைக் கொண்டு மீண்டும் படமெடுக்கவோ வாடா சோதனை செய்யவோ குழு முடிவுசெய்யும்.